நாபைத் தளர்த்தியும் பள்ளம் ஏன் இடிக்கிறது?

“காயில்ஓவர் போட்டாச்சு. நாபை முழுக்க லூஸுல வச்சும் வள்ளியூர் போயிட்டு வாரதுக்குள்ள இடுப்பு கழண்டுருது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?” என்று பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார். டர்போ பெட்ரோல் செடான், ஷாக்கை இறுக்கவும் தளர்த்தவும் 32 கிளிக் திருகும் நாப், வண்டியை 45 மி.மீ. இறக்கியிருக்கிறார். ஏமாற்று எதுவும் இல்லை. அந்த நாப் பள்ளத்துக்காக வைக்கப்பட்டதே அல்ல.

ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் இருப்பது புதிதல்ல. நம் ஊர் செடான்கள் பலவற்றின் முன்பக்க ஸ்ட்ரட்டே அப்படித்தான். காயில்ஓவரில் கூடுதலாக இருப்பது மரை. ஸ்பிரிங் உட்காரும் தட்டு அதில் ஏறி இறங்கும், வண்டியின் உயரம் மாறும். கூடவே கடினமான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் வருகின்றன.

முன்பக்கம் ஒரு மூலையில் 350 கிலோ அமர்கிறது என்று வைப்போம். 1 மி.மீ. அமுங்க 2.5 கிலோ கேட்கும் ஸ்பிரிங் அந்தப் பாரத்தில் 140 மி.மீ. அமுங்கும், வண்டி நொடிக்கு சுமார் 1.3 முறை ஆடும். 6 கிலோ ஸ்பிரிங் போட்டால் அமுங்குவது 58 மி.மீ.தான், ஆட்டம் நொடிக்கு 2 முறையைத் தாண்டும். வளைவில் வண்டி சாயாமல் நிற்பது இதனால்தான். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிப் பிடி விடாமல் இருக்க மிச்சமுள்ள தூரம் குறைந்துபோவதும் இதே கணக்கால்தான். 2023 டிசம்பர் வெள்ளம் அரித்த சாலைகளைப் பார்த்தவர்களுக்கு 58 மி.மீ. எவ்வளவு சிறியது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பிரிங் 2.4 மடங்கு கடினமானால், ஆட்டத்தை அதே அளவுக்கு அடக்க ஷாக்கின் தடை அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது சுமார் 1.55 மடங்கு, உயர வேண்டும். பழைய ஷாக்கில் கடின ஸ்பிரிங் மட்டும் மாட்டிய வண்டி ஸ்பீடு பிரேக்கர் தாண்டியும் ஆடிக்கொண்டே போவதன் காரணம் இது.

இனி ஷாக்குக்குள் போவோம். எனக்கு இந்த வண்டிச் சமாச்சாரம் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

குழாய் நிறைய ஆயில். நடுவே தண்டின் முனையில் பிஸ்டன். பிஸ்டன் நகர வேண்டுமானால் ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயாக வேண்டும். வழி இரண்டு. ஒன்று, எப்போதும் திறந்திருக்கும் ஒரு சிறு துளை. தண்டின் நடு வழியாக இறங்கும் ஊசியொன்று அதை அடைக்கும், திறக்கும். நீங்கள் திருகும் நாப் அந்த ஊசியின் தலை. இரண்டாவது வழி, பிஸ்டனில் இருக்கும் பெரிய ஓட்டைகள். அவற்றை மெல்லிய எஃகு வட்டத் தகடுகள் மூடியிருக்கும். ஷிம் என்பார்கள். ஒவ்வொன்றும் 0.1, 0.15, 0.2 மி.மீ. கனம்.

பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் பிஸ்டன் மெதுவாக, நொடிக்கு 5 செ.மீ. அளவில் நகர்கிறது. ஆயில் சிறு துளை வழியாகவே போய்விடும். இங்கே நாப்தான் ராஜா. பள்ளத்தின் விளிம்பில் டயர் மோதும்போது அதே பிஸ்டன் நொடிக்கு 50 செ.மீ. வேகத்தையும் தாண்டுகிறது. துளை வழிப் பாய்ச்சலில் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் 10 மடங்கு என்றால் தடை 100 மடங்கு! துளை மட்டும் இருந்தால் அந்தக் கணத்தில் ஷாக் ஒரு இரும்புக் கம்பி. அதை நடக்கவிடாமல் செய்பவை ஷிம்கள். ஆயில் அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டியதும் அவற்றின் விளிம்பு வளைந்து திறக்கிறது. ஆயில் சீறிப் பாய, தடை ஏறும் வேகம் சட்டென்று குறைகிறது.

ஒரு தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. ஒரு 0.2 மி.மீ. ஷிம்மின் விறைப்பு எட்டு 0.1 மி.மீ. ஷிம்களுக்குச் சமம். ஆயிலில் நனைந்து ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் எட்டும் தனித்தனியே வளைகின்றன. ஒட்டிவைத்தால் கதையே வேறு. பெரிய வட்டம் அடியில், சிறிய வட்டங்கள் மேலே என்று அடுக்கி, எந்த வேகத்தில் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைத் தகடு தகடாக எழுதிவிடலாம். ஒரு பக்க அடுக்கு அமுங்குவதற்கு, மறுபக்க அடுக்கு விரிவதற்கு. மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை.

ஆக, பள்ளத்தின் இடியைத் தீர்மானிப்பது ஷிம் அடுக்கு. அதை மாற்ற ஷாக்கைப் பிரிக்க வேண்டும், உள்ளே அழுத்தத்தில் அடைத்திருக்கும் நைட்ரஜனை வெளியேற்றி மறுபடி நிரப்ப வேண்டும். நாபை 32 கிளிக் தளர்த்தினாலும் அதைத் தொட முடியாது.

மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினைச் சோதிக்கும் மாவட்டம் இது. ஷாக் அப்சார்பரையோ கையால் அமுக்கிப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று வாங்குகிறோம். ஒரு மோட்டார், ஒரு கிராங்க், விசையை அளக்க ஒரு லோடு செல் இருந்தால் எந்த வேகத்தில் எவ்வளவு தடை என்று வரைபடமே போட்டுவிடலாம். முகப்பு வளைவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பொறியியல் கல்லூரிகள் இப்படிப்பட்ட கருவிக்குக் கொடுத்தால் நல்லது.

வாசகரின் வண்டியில் இன்னொரு சந்தேகமும் எழுகிறது. தட்டை மட்டும் இறக்கி உயரம் குறைக்கும் கிட்டில், வண்டி 45 மி.மீ. இறங்கினால் தண்டும் ஏறக்குறைய அவ்வளவு உள்ளே போய்விடும். 75 மி.மீ. மிச்சம் இருந்த ஷாக்கில் இப்போது 30தான். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் இடிப்பது பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் அமுங்கும் எல்லையில் முட்டும் ரப்பர். சோதிப்பது சுலபம்: தூசி உறையைத் தூக்கி, தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, கீழே தள்ளிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால் நாபை விட்டுவிட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அடி பிராக்கெட்டும் மரையில் ஏறி இறங்கும் கிட்டாக இருந்தால் தண்டின் பயணத்தைத் தொடாமலே உயரத்தை மாற்றலாம். ஆனால் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நம் சாலைகளுக்கு 25 மி.மீ. இறக்கமே போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் முன்பக்கக் கீழ்க்கைகள் (லோயர் ஆர்ம்) மேல்நோக்கிச் சாய்ந்து, வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. தாழ்த்திய வண்டி அதிகம் சாயத் துடிக்கும்.

“தட்டை மேலே முறுக்கினா ஸ்பிரிங் டைட் ஆயிரும்” என்பது பட்டறைகளின் மூடநம்பிக்கை. ஸ்பிரிங்மேல் உட்காரும் பாரம் அதே 350 கிலோ. அது அமுங்குவதும் அதே 58 மி.மீ. வண்டி உயரும், அவ்வளவுதான். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதாலாவது கெடுதல் இல்லை.

நாபை அமைக்கும் முறை: முதலில் கடினக் கோடி வரை மெதுவாகத் திருகி, அங்கிருந்து கிளிக்கை எண்ணிப் பின்னால் வாருங்கள், தளர்ந்த கோடி பல ஷாக்குகளில் தெளிவாக இருக்காது. தளர்வில் தொடங்கி, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி, இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றுங்கள். மேடு தாண்டியதும் மிதப்பு நின்ற இடத்தில் நிறுத்துங்கள். பல ஷாக்குகளில் நாப் விரிவதையே அதிகம் கட்டுப்படுத்தும். அதை மிகையாக இறுக்கினால், அடுத்தடுத்த வேகத்தடைகளில் சக்கரம் கீழே திரும்புமுன் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காரும்.

மாட்டும்போது, கழற்றுமுன் நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பழைய ஸ்ட்ரட்டை ஸ்பிரிங் கம்ப்ரசர் இல்லாமல் பிரிக்கக் கூடாது, உயிர் போகும். ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் கிளிப்பிலிருந்து விடுவித்த பிறகே நாக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இறக்குங்கள். தண்டின் மேல் நட்டை ஏர் கன்னால் சுழற்றாமல், ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு கையால் முறுக்குங்கள். கீழ்க்கை ரப்பர் புஷ்களின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும்; ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். 200, 300 கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள், ஹெட்லைட் உயரத்தையும் சேர்த்து. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

உவரி, கூடங்குளம் பக்கம் அடிக்கடி போகும் வண்டி என்றால் உப்புக் காற்றில் எஃகு மரையும் தட்டைப் பூட்டும் அலுமினிய வளையமும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மரையை பிரஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மரை பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை பூசி, வளையத்தை ஒரு சுற்று மேலும் கீழும் ஓட்டிப் பழைய அளவிலேயே பூட்டுங்கள்.