ரெகன்சிலியேஷன்: நல்லிணக்கமா, ஒப்புரவா?

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் மே 27 முதல் ஜூன் 3 வரை பல ஊர்களிலும் பள்ளிகளிலும் விழா நடக்கும். அந்த மண்ணுக்குரிய பூர்வகுடி மூத்தவர் ஒருவர் வந்தவர்களை வரவேற்றுப் பேசுவார். பச்சை யூகலிப்டஸ் இலைகளைத் தணலில் போட்டுப் புகை எழுப்புவார்கள். கூட்டம் அந்தப் புகைக்குள் நடந்து போகும். கறுப்பும் சிவப்புமாக, நடுவில் மஞ்சள் வட்டத்தோடு பூர்வகுடிக் கொடி ஏறும். அதன் பக்கத்தில், வடக்கே உள்ள தீவுகளின் பூர்வகுடிகளான டோரஸ் நீரிணைத் தீவினரின் கொடி. அப்புறம் ஆட்டம், பாட்டு, லெமன் மிர்ட்டில் தேநீர், வாட்டில் விதை சேர்த்த ரொட்டி. மூத்தவர்களின் பெயருக்கு முன்னால் ஆன்ட்டி, அங்கிள் என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். சொந்தமே இல்லாதவரையும் மாமா, அக்கா என்று அழைத்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

இந்த வாரத்தின் பெயர் நேஷனல் ரெகன்சிலியேஷன் வீக். தமிழில் 'தேசிய நல்லிணக்க வாரம்' என்று எழுதிவிடுகிறோம். அது பொருந்துகிறதா என்று பார்க்க, மூலச் சொல்லைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும்.

லத்தீனில் 'கான்சிலியும்' என்றால் அவை, கூட்டம். இந்த விழாக்கள் பலவற்றை நடத்துகிற உள்ளூர்க் கவுன்சிலின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 'கான்சிலியாரே' என்றால் கூட்டிச் சேர்த்தல், நட்பாக்குதல். முன்னால் 'ரெ' வந்தால் 'மறுபடியும்'. ஆக, பிரிந்தவர்களை மறுபடி சேர்ப்பது. கணக்கியலிலும் இதே சொல் உண்டு. வங்கியின் கணக்கும் நம் ஏடும் ஒத்துப்போகாதபோது எங்கே பிசகியது என்று தேடி நேர்செய்வதை வணிகவியல் படித்தவர்கள் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று அறிவார்கள்.

வம்பு அந்த 'ரெ'யில்தான். மறுபடி சேர்வதென்றால் முன்பு ஒருநாள் சேர்ந்திருக்க வேண்டுமே, அது எப்போது என்று பூர்வகுடியினர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நியூசிலாந்தில் மாவோரிகளோடு 1840-இல் வைத்தாங்கி ஒப்பந்தம் செய்த பிரிட்டிஷ் அரசு, 1788-இல் குடியேறத் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை. நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது என்று வைத்துக்கொண்டது.

வாரத்தின் இரு முனைகளும் இந்தக் கதையைச் சேர்ந்தவைதான். 1967 மே 27-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடியினரைச் சேர்க்கவும், மத்திய அரசு அவர்களுக்காகச் சட்டம் இயற்றவும் அதனால் வழி பிறந்தது. 1992 ஜூன் 3-இல் உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்ற வாதத்தைத் தள்ளியது. வழக்கைத் தொடுத்த எடி மாபோ தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை; சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அரசு ரெகன்சிலியேஷனுக்கென்று ஒரு மன்றத்தை 1991-இல் அமைத்தது. 1993-இல் மதத்தவர்கள் ஒரு பிரார்த்தனை வாரம் நடத்தினார்கள். அதுவே 1996-இல் தேசிய வாரமாயிற்று. 2000 மே 28-இல் சிட்னி துறைமுகப் பாலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்காக நடந்தார்கள். மேலே ஒரு விமானம் புகையால் 'சாரி' என்று வானத்தில் எழுதியது. அரசால் குடும்பங்களிலிருந்து பறிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக, 'திருடப்பட்ட தலைமுறை'க்காக, நாடு சொல்ல வேண்டியிருந்த சொல் அது. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதைச் சொல்ல 2008 பிப்ரவரி 13 வரை ஆனது.

சரி, தமிழுக்கு வருவோம். 'நல்லிணக்கம்' இணங்கு என்ற வினையிலிருந்து வருகிறது. நல்ல சொல்தான், ஆனால் வழக்கில் மென்மையாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 20-ஆம் தேதி அரசு அலுவலகங்களில் எடுக்கும் நல்லிணக்க நாள் உறுதிமொழி, மத நல்லிணக்க ஊர்வலம் என்று கேட்டுக் கேட்டு, சண்டை போடாமல் இருப்பது என்ற அளவில் நின்றுபோயிற்று. இலங்கைத் தமிழர் பலருக்கோ அந்தச் சொல்லில் கசப்பே கூடுதல். போர் முடிந்த மறு ஆண்டு அமைந்த 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' அவர்கள் மறக்கக்கூடியதல்ல. 'இணங்கிப் போ' என்று பெரும்பாலும் யாரிடம் சொல்கிறோம்? தோற்றவரிடம்தானே.

'சமரசம்' இன்னும் மோசம். வள்ளலார் காலத்தில் அதற்கு இருந்த உயரம் போய், ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்றாகிவிட்டது. எல்லாவற்றையும் இழந்தவர் இனி எதை விட்டுக்கொடுப்பார்?

எனக்குப் பிடித்தது 'ஒப்புரவு'. குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் அதற்கு வேறு பொருள்: கைம்மாறு எதிர்பாராமல் ஊருக்கு உதவும் கடமை. பகைத்தவர் சேர்வது என்ற பொருளைத் தந்தது கிறிஸ்தவத் தமிழ். விவிலியத்தில் 'ஒப்புரவாகுதல்' வருகிறது. முன்பு பாவசங்கீர்த்தனம் என்று சொல்லிவந்ததைக் கத்தோலிக்கர்கள் இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். அங்கே முதலில் செய்த தவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பரிகாரமும் செய்ய வேண்டும். ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் கேட்பதும் ஏறக்குறைய அதே வரிசைதான். உண்மையைச் சொல்லுங்கள், பிறகு ஒப்பந்தம் பேசலாம் என்கிறார்கள்.

அவர்களிடமே இதற்கு ஒரு சொல் இருக்கிறது: மக்கரட்டா. வடக்கே ஆர்னம் நிலத்து யோல்ஙு மக்களின் மொழிச் சொல். சண்டைக்குப் பின் கூடிச் சமாதானமாகும் சடங்கு அது. குற்றம் செய்தவர் எதிர்த்தரப்பின் முன்னால் வந்து நிற்பார். அவர் தொடையில் ஈட்டி பாயும். அதோடு பகை தீரும். 2017-இல் பூர்வகுடிப் பிரதிநிதிகள் வெளியிட்ட உலுரு அறிக்கை, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அவையோடு ஒரு மக்கரட்டா ஆணையமும் வேண்டும் என்றது. அவைக்கான பொதுவாக்கெடுப்பு 2023 அக்டோபரில் தோற்றது. சுமார் 60 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள்.

எனவே என் பரிந்துரை இது. வாரத்தின் பெயரை 'தேசிய நல்லிணக்க வாரம்' என்றே வைத்துக்கொள்ளலாம்; அழைப்பிதழில் பழகிய சொல் வேலை செய்யும். உண்மை கூறல், மன்னிப்பு, ஒப்பந்தம் என்று பேசும் இடங்களில் 'ஒப்புரவு' என்று எழுதலாம். மக்கரட்டாவை மட்டும் மொழிபெயர்க்காமல், முதல்முறை வரும்போது ஒரு வரி விளக்கத்தோடு அப்படியே விடுவது நல்லது. 'சமாதானச் சடங்கு' என்று போட்டால் அந்த ஈட்டி காணாமல் போய்விடும்.