பொக்குக் கடலையும் ஒரு தடுப்பூசியும்

"வயசுக்கே வராத புள்ளைக்கு எதுக்குடா அந்த ஊசி?" ஆந்திராவின் நகரியில் விசைத்தறிக்கு ஊடைநூல் தார் சுற்றிக்கொண்டே சித்தி கேட்டார். மகள் ஏழாவது படிக்கிறாள். பேச்சு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பற்றி.

கருப்பைவாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. பெரும்பாலும் உடலுறவில் தொற்றும். ஊசி அந்த வைரஸை நுழையவிடாமல் தடுக்கும், நுழைந்துவிட்டதை விரட்டாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். அந்த வயதில் எதிர்ப்புப் புரதமும் நன்றாக ஊறும்.

"கிருமியையே உள்ள விடுறாங்களாமே?"

இல்லை. வேர்க்கடலை பிடுங்கும்போது பொக்கு கிடைக்குமே. ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. அதுதான் இது. வைரஸின் மேலோடு முக்கியமாக எல்1 என்ற புரதத்தால் ஆனது. அதற்கான மரபணுவை மட்டும் ஈஸ்ட்டில் வைத்து வளர்த்தால், 360 புரதங்கள் தாமாகவே கூடி ஓடாகிவிடும். உள்ளே வைரஸின் டி.என்.ஏ. கிடையாது, முளைக்க வழியில்லை. உடம்பு அந்த ஓட்டை அடையாளம் வைத்துக்கொள்ளும். நிஜ வைரஸ் வந்தால் எதிர்ப்புப் புரதங்கள் அதன்மேல் ஒட்டி, செல்லுக்குள் போகவிடாது. கைக்குழந்தைக்குப் போடும் மஞ்சள் காமாலை 'பி' ஊசியும் ஈஸ்ட்டில் செய்ததுதான்.

குழந்தை பிறக்காமல் போகும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கை வலிக்கும், காய்ச்சலடிக்கலாம். சில பிள்ளைகள் மயங்கி விழும். 15 நிமிடம் உட்கார வைப்பது அதற்காகத்தான்.

சரி, அடுத்த கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. "கம்மம் பக்கம் புள்ளைங்க செத்துச்சாமே?"

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகளுக்கு ஆய்வுக்காக இந்த ஊசியைப் போட்டார்கள். குஜராத்தின் வதோதராவிலும் நடந்தது. 7 பேர் இறந்தார்கள். 2010-ல் ஆய்வை நிறுத்தினார்கள். விசாரணையில் வெளிவந்தவை பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா போன்ற காரணங்கள். ஊசியோடு தொடர்பு தெரியவில்லை. ஆனால் விடுதிப் பிள்ளைகள் பலருக்கு வார்டன்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. என்னைக் கேட்டால், இன்றைய பயத்தில் பாதி அந்தக் கையெழுத்தில் முளைத்தது.

சித்தி தாரை நிறுத்தினார். "அப்ப என்கிட்ட கையெழுத்து கேப்பாங்கல்ல? பேப்பரு தெலுங்குல வந்தா நான் என்னத்தப் படிக்கிறது?"

பள்ளியில் தெலுங்கு படிக்கும் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "குடும்மா, நான் படிச்சுச் சொல்றேன்."