பாறை எவ்வளவு வெந்திருக்கிறது?

மன்னாரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1970களில் சோவியத் உதவியோடு எங்கள் தீவில், பேசாலையில் கிணறு தோண்டினார்கள். எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இல் வளைகுடாவின் ஆழ்கடலில் டொராடோ கிணற்றில் வாயு கிடைத்தது. எல்லாம் அதிர்ஷ்டம்தானா?"

அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டு. ஆனால் தோண்டும்போது மேலே வரும் பாறைச் சில்லுகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

பாசியும் இலைதழையும் கடலடிச் சேற்றில் புதைகின்றன. ஆக்சிஜன் இல்லாத சேறு என்றால் அழுகித் தீர்ந்துபோகாமல் தங்குகின்றன. மேலே மண் சேரச் சேர, கெரோஜன் என்ற திடப்பொருளாக மாறுகின்றன. ஆழம் கூடினால் சூடும் கூடும். ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரை எண்ணெய் பிறக்கும். அதற்கு மேல் வாயு. சரி, இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். பிரெஞ்சு பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கிய ராக்-எவால் என்ற கருவி, அந்தச் சமையலை ஆய்வகத்தில் அரை மணி நேரத்துக்குள் நடத்திக் காட்டுகிறது. சில்லுகளைக் கழுவி, உலர்த்தி, பொடியாக்கி, ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, 100 மில்லிகிராம் அளவுக்கு எடுத்து அடுப்பில் வைப்பார்கள். எரிந்துவிடாதபடி உள்ளே ஹீலியமோ நைட்ரஜனோ ஓடும். 300 டிகிரியில் சில நிமிடங்கள் வைத்தால், பாறையில் ஏற்கெனவே உருவாகியிருந்த எண்ணெய் ஆவியாகி வெளியேறும். வெளியேறும் அளவைக் கருவி வரையும் கோட்டில் முதல் மேடு எழும். அப்புறம் நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் சூட்டை ஏற்றுவார்கள். இப்போது கெரோஜனே உடையும். இரண்டாவது மேடு எழும். முதல் மேடு இதுவரை உண்டானதைச் சொல்கிறது, இரண்டாவது இனி உண்டாகக்கூடியதை.

இரண்டாவது மேட்டின் உச்சி எந்தச் சூட்டில் வருகிறது என்பதில்தான் அழகே இருக்கிறது. சுள்ளியெல்லாம் எரிந்து தீர்ந்த அடுப்பில் தடித்த கட்டைகள் மட்டும் மிஞ்சினால், அவை பற்றிக்கொள்ளக் கூடுதல் சூடு வேண்டும் அல்லவா? கெரோஜனும் அப்படித்தான். பூமி ஏற்கெனவே வேகவைத்த பாறையில் பலவீனமான பிணைப்புகள் உடைந்து போயிருக்கும், மிஞ்சியவை உறுதியானவை. அதனால் உச்சி தள்ளிப்போகும். 435 டிகிரிக்குக் கீழே வந்தால் பாறை இன்னும் வேகவில்லை. 435இலிருந்து 470 வரை எண்ணெய்ப் பதம். அதையும் தாண்டினால் வாயு. பூமி 100 டிகிரியில் பல மில்லியன் ஆண்டுகள் செய்த வேலையை நிமிடங்களில் முடிக்க இவ்வளவு சூடு தேவைப்படுகிறது.

இன்னொன்று: கெரோஜனில் ஹைட்ரஜன் அதிகமென்றால் அது பாசியின் வழி வந்தது, எண்ணெய் தரும். குறைவென்றால் பெரும்பாலும் மரத்தின் வழி வந்தது, வாயுதான் தரும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சில மீட்டருக்கு ஒரு சில்லு வேண்டும். துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றுக் குழம்பில் கலந்த எண்ணெய் சில்லில் ஒட்டியிருந்தால் முதல் மேடு பொய் சொல்லும்.

நன்றாக வெந்த பாறைக்கு மேலேகூடக் கிணறு வறண்டு போகலாம். உண்டானது தங்குவதற்கு நுண்துளையுள்ள மணற்பாறையும், அதன்மேல் கசியாத மூடியும் வேண்டும். அதிர்ஷ்டம் அதிகம் விளையாடுவது அங்கேதான்.

ஆனாலும் வறண்ட கிணற்றை வீண் செலவு என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கே வேகவில்லை என்று தெரிந்தால்தான் எங்கே வெந்திருக்கும் என்று கணக்கிட முடியும். பொதுப்பணத்தில் தோண்டிய கிணறு என்றால், அதன் சில்லுகளைப் பேராதனையில் நிலவியல் படிக்கும் மாணவியும் கேட்டு வாங்கி, பொடியாக்கி, அடுப்பில் வைத்துப் பார்க்க வழி இருக்க வேண்டும். அவளுக்குத் தேவை ஒரு சிட்டிகைதான்.