‘நூறாண்டு வெள்ளம்’ எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்?

நூறாண்டு வெள்ளம்: நீரியலிலும் வெள்ள வரைபடங்களிலும் வழங்கும் கலைச்சொல். எந்தவோர் ஆண்டை எடுத்தாலும், அந்த ஆண்டுக்குள் வருவதற்கோ மிஞ்சிப் போவதற்கோ நூற்றில் ஒரு வாய்ப்புள்ள ஆற்றுப்பெருக்கு என்று பொருள். ‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது’ என்ற பொருள் இதற்கு இல்லை.

2018 டிசெம்பரில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்டு, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியது. அதன் பிறகு கேட்ட ஆறுதல் பேச்சு இப்படி இருந்தது: “உது நூறு வருசத்துக்கு ஒருக்கா வாறது. வந்திட்டுப் போட்டுது. இனி எங்கட பேரப்பிள்ளையள் காலத்திலதான்.” பேசியவரைக் குறை சொல்ல முடியாது, சொல்லே அப்படித்தான் பேச வைக்கிறது. ஆனால் கணக்கு வேறு. இந்த மாரியில் வந்தாலும் அடுத்த மாரிக்கு அதே நூற்றில் ஒரு வாய்ப்பு அப்படியே இருக்கும். வங்கிக் கடனெடுத்து வீடு கட்டி முப்பது ஆண்டு அதில் குடியிருப்பவர், அந்தக் காலத்துக்குள் அப்படியொரு வெள்ளத்தைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். நாலில் ஒன்று! நூறு ஆண்டு முழுவதும் இருந்தாலும் கண்டே தீருவார் என்றில்லை. அப்போதும் வாய்ப்பு 63 சதவீதம்தான்.

சொல் பிறந்தது அமெரிக்கப் பொறியியலாளர் வட்டாரத்தில். ஆண்டுதோறும் பதிவான உச்சப் பெருக்குகளை அடுக்கி வைத்து, இன்ன அளவு எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்று கணிக்கும் முறையை வெஸ்டன் புல்லர் 1914இல் எழுதினார். நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஜெர்மன் கணிதர் எமில் கும்பெல், 1941இல் அதற்கு உறுதியான புள்ளியியல் அடித்தளம் கொடுத்தார். ‘மீள்வருகைக் காலம்’ என்று நாம் தமிழாக்கி வைத்திருப்பது இவர்கள் வழி வந்தது. அது மிக நீண்ட காலத்துக்கான சராசரி இடைவெளி, நாட்காட்டியில் குறித்து வைக்கும் தவணை அல்ல. 1968இல் அங்கே தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் வந்தது. அந்தத் திட்டம் நூறாண்டு வெள்ளத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டதும், பொறியியலாளரின் சொல் வீட்டுக்காரரின் சொல்லாகிவிட்டது. குழப்பமும் அன்றே தொடங்கியது.

தமிழுக்கு வந்தபோது குழப்பம் இரட்டித்தது. சில பத்திரிகைகள் ‘நூற்றாண்டு வெள்ளம்’ என்று எழுதுகின்றன. நூற்றாண்டு விழா மாதிரி. வேறு சில ‘நூறு ஆண்டு காணாத வெள்ளம்’ என்கின்றன. அது நடந்து முடிந்த செய்தி, வாய்ப்பைச் சொல்லவில்லை. (பழந்தமிழில் வெள்ளம் என்பதே ஒரு பேரெண்ணின் பெயர். எண்ணுக்கும் நீருக்கும் நம்மிடம் பழைய உறவு உண்டு.)

ஓர் ஆற்றின் நூறாண்டு வெள்ளம் எவ்வளவு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அமெரிக்காவில் ஆற்று அளவீட்டு நிலையங்களின் பெரும் வலையை நடத்துவது சமஷ்டி (கூட்டாட்சி) அரசின் நிலவியல் அளவை நிறுவனம். செலவில் பங்கு மாநிலங்களும் உள்ளூராட்சிகளும் போடுகின்றன. வரைபடத்தை வெளியிடுவது இன்னொரு சமஷ்டி முகவரகம். ஓர் ஆற்றுக்கு இரு அலுவலகம் இரண்டு கணக்கு வைத்திருந்தால் வரைபடத்தில் எந்தக் கோட்டைப் போடுவது? அதனால் கூடியிருந்து ஒரே எண்ணுக்கு உடன்பட வேண்டியிருக்கிறது. சமஷ்டி என்ற சொல்லை நாம் மேடையில் மட்டுமே கேட்டுப் பழகியவர்கள். அங்கே அது ஆற்றையும் அளக்கிறது.

வன்னியில் இதே வேலை எத்தனை மேசையில் கிடக்கிறது என்று பாருங்கள். இரணைமடுவுக்கு நீர் தரும் கனகராயன் ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே ஓடுவதால் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். வடமத்திய மாகாணத்திலிருந்து மன்னாருக்கு இறங்கும் அருவியாறு இரு மாகாண ஆறு, இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மத்திய அரசின் பொறுப்பு. சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம், மழையளவு வளிமண்டலவியல் திணைக்களத்திடம், நிலத்தின் உயரம் நில அளவைத் திணைக்களத்திடம்.

கமக்காரர் கேட்பது “இண்டைக்குக் குளம் எத்தின அடி?” என்பதுதான். இரணைமடுவுக்கு 36 அடி என்றால் நிரம்பிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். வரைபடத்துக்கு அந்த அடி மட்டும் போதாது, வினாடிக்கு எத்தனை கன அடி வந்தது என்று தெரிய வேண்டும். அளவுகோலில் மணிக்கு மணி ஏறிய அங்குலம், அந்த மட்டத்தில் நீர் பரந்த பரப்பு, எந்தக் கதவு எவ்வளவு நேரம் எவ்வளவு திறந்திருந்தது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் கிடைத்தால் உள்ளே வந்த பெருக்கைப் பின்னோக்கிக் கணிக்கலாம். மேலே ஒரு சிறுகுளம் உடைத்துக்கொண்டு வந்திருந்தால் மழைக்கணக்கும் பெருக்குக் கணக்கும் ஒத்துப்போகாது. அந்த உடைப்புச் செய்தி இருப்பதோ வேறொரு திணைக்களத்தின் கோவையில்.

பதிவேடு அறுந்த காலத்துக்கும் வழி உண்டு. அமெரிக்க முகவரகங்கள் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, அளவீட்டுக்கு முந்திய பெருவெள்ளங்களையும் கணக்கில் சேர்க்க இடம் தருகிறது. ‘இன்ன ஆண்டிலிருந்து இந்த மட்டத்தைத் தாண்டவில்லை’ என்ற செய்தியும் அங்கே தரவுதான். “கோயில் படிக்கு மேல தண்ணி வரேல்லை” என்று ஓர் அப்பு சொன்னால், ஆண்டை உறுதிப்படுத்தி, படியின் உயரத்தை மட்டமளந்து எழுத வேண்டும். இடப்பெயர்வுகளால் அளவீடு தொடர்ந்து எடுக்க முடியாத நிலத்துக்கு இது பெரிய விஷயம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘நூற்றிலொரு வெள்ளம்’ என்பது என் பரிந்துரை. ஆண்டு என்ற சொல்லை எடுத்துவிட்டால் தவணை என்ற எண்ணமும் போய்விடும். பத்தாண்டு வெள்ளம் ‘பத்திலொரு வெள்ளம்’, ஐந்நூறாண்டு வெள்ளம் ‘ஐந்நூற்றிலொரு வெள்ளம்’. வரைபடத்தின் குறிவிளக்கத்தில் ‘ஆண்டுதோறும் நூற்றில் ஒரு வாய்ப்பு’ என்று ஒருமுறை விரித்து எழுதிவிட்டால் போதும். அந்த வெள்ளம் பரவும் நிலத்துக்குப் பாடநூல் தரும் ‘வெள்ளச் சமவெளி’ பிழையில்லை. ஆனால் காணி வாங்க வருபவருக்குக் காட்டும் தாளில் ‘வெள்ளம் ஏறும் காணி’ என்றே போடலாம்.