ஹீமோபிலியா: குருதி உறைவுக் குறைபாடு

காயம்பட்டால் குருதி உரிய நேரத்தில் உறையாத பிறவிக் குறைபாட்டை ஹீமோபிலியா என்பர். மனிதரைப் போலவே நாய்களுக்கும் வரும் இதை, இங்கு நாய்களை முன்வைத்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘ஹைமா’ குருதியையும் ‘ஃபிலியா’ விருப்பத்தையும் குறிக்கும். 1828இல் ஃபிரீட்ரிக் ஹோஃப் தம் ஆய்வேட்டின் தலைப்பில் இட்ட இப்பெயர், நோயின் இயல்பைச் சிறிதும் காட்டாமலேயே நிலைத்துவிட்டது.

தமிழில் வழங்கும் ‘குருதி உறையாமை’ இதைவிடத் தெளிவானது. மங்கில் வடியும் ரப்பர் பால் உறைந்து கட்டிப்பாலாவதைக் கண்ட, மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கு ‘உறைதல்’ என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும் இந்நோயில் குருதி அறவே உறையாமல் போவதில்லை. காலந்தாழ்ந்து, உறுதியின்றி உறைகிறது. ஆகவே ‘மரபுவழிக் குருதி உறைவுக் குறைபாடு’ என்பதே, சற்று நீளமானாலும், பொருத்தமான பொதுப்பெயர் என்பேன்.

பொதுப்பெயர் என்றதற்குக் காரணம் உண்டு. குருதியை உறையச் செய்யும் புரதங்களை உறைகாரணிகள் என்பர். ஹீமோபிலியா ‘ஏ’ வகையில் எட்டாம் உறைகாரணியும், ‘பி’ வகையில் ஒன்பதாம் உறைகாரணியும் குறைகின்றன. இவ்விரண்டின் மரபணுக்களும் எக்ஸ் நிறப்புரியில் (குரோமோசோமில்) இருப்பதால், பெரும்பாலும் ஆண் குட்டிகளே நோயுறுகின்றன. தாயோ நோய்க்குறி ஏதுமின்றி அதைச் சுமக்கிறது. நம்மூரில் அல்சேஷன் எனப்படும் ஜெர்மன் ஷெப்பர்டில் ‘ஏ’ வகை அறியப்பட்டதே. டாபர்மேனில் மிகுதியாகக் காணப்படுவது வேறொன்று: ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டு 1926இல் மனிதரிடம் விவரித்த, அவர் பெயராலேயே வழங்கும் நோய். இதன் மரபணு, ஆண் பெண் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் நிறப்புரியில் இல்லை. எனவே ஆண், பெண் இரண்டுக்கும் வரும்.

மரபணுச் சோதனைக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியே போதும். வான் வில்லிபிராண்டு நோயில் குறைவது அதே பெயருடைய புரதம்; குருதியில் அதை அளந்தால், குறையைச் சுமக்கும் நாயின் அளவும் நலமான நாயின் அளவும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுண்டு. மரபணுவை நேரே பார்க்கும்போது அந்த மயக்கம் இல்லை. ஆனால் அச்சோதனை, தான் தேடும் ஒரு குறிப்பிட்ட பிறழ்வைப் பற்றி மட்டுமே பேசும். டாபர்மேனுக்கு உரிய சோதனையில் தேறிய நாய்க்கு ஹீமோபிலியா இல்லை என்று பொருளாகாது.

‘மரபுவழி’ என்ற அடையும் வெற்று அலங்காரமன்று. செம்பனைத் தோட்டங்களில் வைக்கும் எலி மருந்துகளில் பல, வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துக் குருதி உறைவதைக் கெடுப்பவை; மருந்துண்ட எலியைத் தின்ற நாட்டு நாய்க்கும் நிற்காமல் குருதி வடியலாம். உண்ணி பரப்பும் காய்ச்சலும் குருதித் தட்டுக்களைக் குறைத்து அவ்வாறே செய்யும். இத்தகைய நாய்களை மரபணுச் சோதனைக்கு அனுப்பிக் காத்திருப்பது வீண். எலி மருந்து என்று தெரிந்தால், கால்நடை மருத்துவர் உடனே தர வேண்டியது வைட்டமின் கே1.