லினக்ஸ் சர்வரில் கலைந்த ரெய்டு: மீண்டும் சேர்வது எப்படி?

திருப்பூரில் பனியன் துணிகளுக்கு பிரிண்டிங் டிசைன் போட்டுக் கொடுக்கும் என் சித்தப்பா மகன், பத்தாண்டு வேலை முழுவதையும் வீட்டு அலமாரியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு லினக்ஸ் சர்வரில் வைத்திருந்தான். ஒவ்வொன்றும் 4 டெராபைட் கொண்ட நான்கு ஹார்டு டிஸ்க்குகள் சேர்ந்து அதில் ஒரே ரெய்டு 5 தொகுப்பாக, அதாவது ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி, இயங்கின. கோடை மழைக்கு முந்தைய காற்றில் மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு மாலையில் அதன் மதர்போர்டு செத்துப்போயிற்று. டிஸ்க்குகளை வேறொரு கணினியில் மாட்டிவிட்டு என்னை அழைத்தான். “அண்ணா, நாலு டிஸ்க்கும் காட்டுதுங்க, உள்ளதான் ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுங்க. புதுசா ரெய்டு கிரியேட் பண்ணிரட்டுங்களா?” கீபோர்டிலிருந்து முதலில் கையை எடு என்றேன்.

அவன் வைத்திருந்தது மென்பொருள் ரெய்டு. அதில் டிஸ்க்குகளைச் சேர்த்து வைப்பதற்குத் தனி அட்டை எதுவும் கிடையாது. லினக்ஸின் மையமான கர்னலில் உள்ள ‘எம்டி’ என்ற பகுதியே அதைச் செய்கிறது. நாம் அதனோடு பேசுவது நீல் பிரவுன் எழுதிய எம்டிஆட்ம் என்ற கருவியின் வழியாக. தொகுப்பைப் பற்றிய விவரம் கணினியில் இல்லாமல் ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதப்பட்டிருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். இன்று வழக்கிலுள்ள 1.2 வடிவத்தில், டிஸ்க்கின் அல்லது பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி சூப்பர்பிளாக் என்ற சிறு குறிப்பு இருக்கும். தொகுப்பின் அடையாள எண், ரெய்டின் வகை, துண்டின் அளவு, இந்த டிஸ்க் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, தரவு எங்கிருந்து தொடங்குகிறது என்பனவெல்லாம் அதில் உண்டு. ஆகவே கேபிளை எந்த வரிசையில் மாட்டினாலும், கணினியையே மாற்றினாலும், டிஸ்க்குகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

பவானி ஜமக்காளத்தின் நிறப்பட்டைகளை நினைத்துக்கொண்டால் தரவு பரவியிருக்கும் விதம் எளிதில் விளங்கும். ஒரு கோப்பு, வழக்கமாக 512 கிலோபைட் அளவுள்ள துண்டுகளாக, ஒரு டிஸ்க் விட்டு அடுத்த டிஸ்க் என்று பட்டை பட்டையாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று துண்டுகள் தரவு, நான்காவது ‘பாரிட்டி’ என்னும் சரிபார்ப்புத் துண்டு. அதன் கணக்கு மிக எளிது: ஒரே இடத்திலுள்ள பிட்டுகளில் 1-களின் மொத்தம் எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி நான்காவது பிட் நிரப்பப்படுகிறது. தரவு 1, 0, 1 என்றால் பாரிட்டி 0. நடு டிஸ்க் தொலைந்தால் எஞ்சியவை 1, 1, 0. அவற்றிலேயே இரட்டைப்படை இருப்பதால் தொலைந்தது 0 என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு டிஸ்க் தொலைந்தால் இந்தக் கணக்குக்கு விடை இல்லை. பாரிட்டித் துண்டு ஒரே டிஸ்க்கில் தங்காமல் வரிசைக்கு வரிசை இடம் மாறுவதால், டிஸ்க்குகளின் வரிசை பிசகினால் படிப்பதெல்லாம் குப்பையாகும்.

தம்பி கேட்ட ‘கிரியேட்’ எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கேதான் தெரிகிறது. அது பழைய சூப்பர்பிளாக்கின் மேலேயே புதியதை எழுதிவிடும். எம்டிஆட்மின் பதிப்பு மாறியிருந்தால் தரவு தொடங்கும் இடமும் மாறக்கூடும். போதாக்குறைக்கு, ரெய்டு 5-ஐப் புதிதாக உருவாக்கும்போது மற்ற டிஸ்க்குகளைப் படித்துக் கடைசி டிஸ்க்கை நிரப்பும் வேலை தானாகவே தொடங்கிவிடும். வரிசை தவறாக இருந்தால் நல்ல தரவின்மேல் குப்பை ஏறும். வேண்டியது ‘அசெம்பிள்’, அதாவது இருக்கும் குறிப்பைப் படித்துச் சேர்ப்பது. பெரும்பாலான நேரங்களில் அந்த ஒரு கட்டளையே போதுமானது.

எங்களுக்கு அது போதவில்லை. ‘எக்ஸாமின்’ கட்டளையால் நான்கு சூப்பர்பிளாக்குகளையும் படித்துத் தாளில் எழுதிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. தொகுப்பின் நிலை மாறும்போதெல்லாம் ஒரு நிகழ்வு எண் கூடிக்கொண்டே போகும். விலகிப்போன டிஸ்க்கில் அது அப்படியே நின்றுவிடும். முதல் இரண்டு டிஸ்க்குகளிலும் 48213 இருந்தது. மூன்றாவதில் 48207, கடைசியாக எழுதப்பட்ட நேரம் அதே மாலை. நான்காவதில் 31902, நேரமோ எட்டு மாதத்துக்கு முந்தையது. ஒரு டிஸ்க் எட்டு மாதமாக வெளியே நின்றிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. இப்போது மூன்றாவதும் பின்தங்கியதால், இரண்டு டிஸ்க் குறைந்து தொகுப்பு சேர மறுத்திருக்கிறது.

சில நேரங்களில் நல்ல டிஸ்க்கும் இப்படி வெளியேற்றப்படுவதுண்டு. படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் மலிவான டிஸ்க் ஒரு நிமிடத்துக்கும் மேல் திரும்பத் திரும்ப முயலும். கர்னலோ வழக்கமாக 30 நொடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க் போய்விட்டதாகவே அது முடிவு செய்கிறது. முயற்சியை 7 நொடியில் நிறுத்தும்படி டிஸ்க்குக்குச் சொல்ல முடிந்தால் சொல்லிவிட வேண்டும். முடியாவிட்டால் கர்னலின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்தலாம்.

ஆறு நிகழ்வுகள் மட்டுமே பின்தங்கிய மூன்றாவது டிஸ்க்கை ‘ஃபோர்ஸ்’ சொல்லி உள்ளே இழுக்கலாம். இழப்பு கடைசி நொடிகளில் எழுதியவற்றோடு நிற்கும். நான்காவதை இழுத்திருந்தால் எட்டு மாதப் பழைய துண்டுகளும் புதிய துண்டுகளும் ஒரே பட்டையில் கலந்திருக்கும். ஆனால் ‘ஃபோர்ஸ்’ சூப்பர்பிளாக்கைத் திருத்தி எழுதும் கட்டளை. எனவே ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும், லினக்ஸில் உள்ள டிவைஸ் மேப்பர் என்ற வசதியின் ஸ்னாப்ஷாட் ஒன்றை முதலில் விரித்துக்கொண்டோம். எழுதுவதெல்லாம் தனிக் கோப்பில் விழும், டிஸ்க்கில் ஒரு பிட்கூட மாறாது. இவ்வளவு பயனுள்ள வசதியைப் பலர் சிரமம் கருதித் தாண்டிப்போவது எனக்கு வியப்புதான்.

அதன் மேல் மூன்று டிஸ்க்குகளும் சேர்ந்தன. கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்தோம். அந்த முறைமை எக்ஸ்ட்4 வகை என்றால் ‘ரீட்-ஒன்லி’ மட்டும் போதாது, முடியாத மாற்றங்களைக் குறித்து வைத்திருக்கும் ஜர்னலை இயக்காதிருக்க ‘நோலோடு’ என்பதையும் சேர்க்க வேண்டும். டிசைன்கள் திறந்தன. முதலில் அவற்றை வெளியே ஒரு டிஸ்க்கில் நகலெடுத்தோம். ஸ்னாப்ஷாட்டை எடுத்துவிட்டு உண்மையான டிஸ்க்குகளில் அதே கட்டளையைக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

நான்காவது இடத்துக்குப் புது டிஸ்க் வாங்கிச் சேர்த்தோம். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டை நிரப்ப ஏறக்குறைய ஏழரை மணி நேரமாகும். அத்தனை நேரமும் மற்ற மூன்றும் முழுமையாகப் படிக்கப்படுவதால், ஒளிந்திருக்கும் பழுது வெளிப்படுவதும் அப்போதுதான். யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. தொகுப்பின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில், டிஸ்க் இல்லை என்று குறிக்கும் கீழ்க்கோடு இருந்த இடத்தில், இயங்குகிறது என்று குறிக்கும் நான்காவது ‘யூ’ மறுநாள் காலை வந்திருந்தது. புதுக் கணினியில் தொகுப்பு, தானாக வைக்கப்பட்ட எம்டி127 என்ற பெயரில் நின்றதால், அதன் அடையாள எண்ணை எம்டிஆட்மின் அமைப்புக் கோப்பில் எழுதி, கணினி கிளம்பும்போது ஏற்றப்படும் தொடக்கப் படிமத்தையும் புதுப்பித்தோம். டிஸ்க் விலகினால் எச்சரிக்கை போய்ச் சேரும் மின்னஞ்சல் முகவரிக்கான வரி, பழைய சர்வரின் இதே கோப்பில் எட்டு மாதமும் காலியாகவே கிடந்திருக்கிறது. புதுக் கணினியில் அதை நிரப்பி, சோதனை அஞ்சல் தம்பியின் அலைபேசிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே பெட்டியின் மூடியைத் திருகி மூடினோம்.