"வேகமே தெரியல"ன்னு சொல்றவங்களுக்கு: 280 மாதிரி ரோடு ஏன் இவ்ளோ இதமா இருக்கு

போன வாரம் இன்னொரு விபத்து ரிப்போர்ட் என் மேசைக்கு வந்துச்சு. கலிஃபோர்னியால இன்டர்ஸ்டேட் 280 ஃப்ரீவே, மதிய நேரம், காஞ்ச ரோடு, நல்ல வெளிச்சம், பெருசா டிராஃபிக்கும் இல்ல. ஓட்டினவர் சொன்னதா எழுதியிருந்தது ஒரே வரி: "ரோடு ரொம்ப ஸ்மூத்தா இருந்துச்சு, எவ்ளோ வேகத்துல போறேன்னே தெரியல." உயிருக்கு ஒன்னும் ஆகல, அந்த வரைக்கும் நிம்மதி. ஆனா இந்த வரியை வேற வேற ஆளுங்க சொல்லி வேற வேற ரிப்போர்ட்ல படிச்சுப் படிச்சு எனக்கு அலுத்துப் போச்சு, அதான் இன்னிக்கு உக்காந்து எழுதிடறேன்.

என் வேலை ஹைவே டிசைன். வளைவு எவ்ளோ இருக்கணும், ஃப்ரீவேல ஏற இறங்க இருக்கற ரேம்ப் எவ்ளோ நீளம் வேணும்னு கணக்குப் போடறது, விபத்து நடந்த இடத்துல ரோட்டு மேல ஏதாவது குறை இருக்கான்னு போய்ப் பாக்கறது. பே ஏரியாவுக்கு, அதாவது சான் ஃப்ரான்சிஸ்கோவைச் சுத்தி இருக்கற ஊர்களுக்கு, புதுசா வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறது, "சான் ஹோசேல இருந்து சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு 101 ஃப்ரீவேலயும் போகலாம் 280லயும் போகலாம், 101ல போனா தலைவலி வருது, 280ல போனா மனசு லேசாகுது, அது ஏன்?" நல்ல கேள்வி. மலையும் மரமும் அழகா இருக்குன்னு மட்டும் சொல்லி முடிச்சிடக் கூடாது, அது பாதி பதில் கூட கிடையாது.

280க்கு மேற்கால கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஏரி தெரியும்ல, அது சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குக் குடிதண்ணி குடுக்கற ஏரி. அதைச் சுத்தி சுமார் 23,000 ஏக்கர் நகரத்தோட தண்ணி இலாகா கையில இருக்கு, யாரும் வீடு கட்ட முடியாது, கடை போட முடியாது. கடை இல்லன்னா ஃப்ரீவேல இருந்து இறங்க எக்ஸிட் தேவையில்ல. எட்ஜ்வுட் ரோடு எக்ஸிட் தாண்டினா அடுத்தது 92ங்கற ஹைவேக்கான எக்ஸிட் தான், கிட்டத்தட்ட 4 மைல். உங்க மனசு லேசாகறதுக்கு முதல் காரணம் இந்த 4 மைல், ஏன்னா ஃப்ரீவேல நம்மள களைப்பாக்கறது வேகத்தை விட பக்கத்து லேன்காரன் தான். உள்ள வர்றவனும் வெளிய போறவனும் ஒரே துண்டு ரோட்ல குறுக்கும் நெடுக்குமா லேன் மாத்தும்போது தான் கழுத்து வலிக்குது. நகரத்துல ரெண்டு இன்டர்சேஞ்சுக்கு, அதாவது வண்டி ஏறி இறங்கற சந்திப்புக்கு, நடுவுல 1 மைலாவது விடணும்னு கைடுலைன் சொல்லுது, 101 மாதிரி பழைய ரோட்ல பல இடத்துல அதுக்கு வழியே இல்ல.

அப்புறம் வளைவு. நேரா இருந்தா தான் நல்ல ரோடுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. 280ல பாருங்க, நீளமான, மெதுவான வளைவு ஒன்னு முடிஞ்சு இன்னொன்னு ஆரம்பிக்கும், ஸ்டியரிங்ல கை சும்மா இருக்காது, ஆனா கஷ்டமும் இருக்காது. வளைவுல வெளி ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி விட்டிருப்போம், அதனால உடம்பு சாயறதே தெரியாது. பல இடத்துல போற ரோடு ஒரு மட்டத்துலயும் வர்ற ரோடு இன்னொரு மட்டத்துலயும் இருக்கும், ராத்திரி எதிர் லைட்டு கண்ணுல அடிக்காது. கொலராடோல கிளென்வுட் கேன்யன் வழியா போற இன்டர்ஸ்டேட் 70ல இதையே உச்சத்துக்குக் கொண்டு போயிருப்பாங்க. 12 மைல் சொச்சம், பாறையை வெட்டித் தள்ளாம நிறைய தூரம் தூண் மேல பாலமாவே, ஒரு திசை மேல இன்னொரு திசை கீழன்னு அடுக்கி, 1992ல முடிச்சாங்க. எங்க தொழில்ல இருக்கற யாரும் ஒரு தடவையாவது போய்ப் பாத்துட்டு வரணும்.

லாரி விஷயம். 280ல லாரிக்குத் தடை எல்லாம் இல்ல, ஆனா மேடு பள்ளம் ஜாஸ்தி, ஏர்போர்ட்டும் குடோனும் 101 பக்கம், அதனால பெரிய வண்டிங்க தானாவே அங்க போயிடுது. ஓக்லண்ட்ல 580 ஃப்ரீவேல நிஜமாவே தடை இருக்கு, 4.5 டன்னுக்கு மேல இருக்கற லாரி போகக் கூடாது, 1960கள்ல இருந்தே அப்படித்தான். "580 சூப்பரா இருக்கு"ன்னு சொல்றவங்க ஒன்னு நினைச்சுப் பாக்கணும், அந்த லாரி எல்லாம் மாயமா போயிடல, கீழ 880 ஃப்ரீவேல தான் போகுது, அந்த டீசல் புகையை 880 ஓரமா குடியிருக்கறவங்க தான் சுவாசிக்கறாங்க. ஒரு ரோட்டோட இதத்துக்கு இன்னொரு ரோட்டோரத்து ஜனங்க விலை குடுக்கறாங்கன்றது எனக்கு இன்னிக்கும் உறுத்தற விஷயம்.

தரையோட பங்கும் பெருசு. பழைய கான்கிரீட் ஸ்லாப்ல ஜாயின்ட் தாண்டும்போதெல்லாம் டப் டப்னு ஒரு சத்தம் வரும்ல, அதை வைரப் பல்லு வெச்ச பிளேடால சீவி விட்டா பாதி சரியாகிடும். அரிசோனால 2003ல இருந்து ஃபீனிக்ஸ் ஃப்ரீவே மேல பழைய டயர் ரப்பரைக் கலந்த தார் ஒரு இன்ச் கனத்துக்குப் போட்டாங்க, சத்தம் நல்லாவே குறைஞ்சுது. ரோட்டோட கரடுமுரடை மைலுக்கு இத்தனை இன்ச்னு அளப்போம், 95க்குக் கீழ இருந்தா நல்ல ரோடு, 170 தாண்டினா மோசம். இவ்ளோ தான், இதுக்கு மேல தரையைப் பத்திப் பேசினா நான் நிறுத்த மாட்டேன்.

இப்ப என்னை எரிச்சல் படுத்தற விஷயத்துக்கு வரேன். "இவ்ளோ நல்ல ரோடு, மணிக்கு 65 மைல்னு லிமிட் போட்டு வெச்சிருக்காங்க, 80ல போனாலும் 50 மாதிரி தான் தெரியுது, அப்ப 80 சேஃப் தானே?" இல்லீங்க. 50 மாதிரி தெரியறதுன்றது உங்க காதும் உடம்பும் சொல்றது, பிரேக்குக்கு அது தெரியாது. வேகம் தெரியணும்னா சத்தம் வேணும், குலுங்கணும், பக்கத்துல சுவரும் கம்பமும் சட்டு சட்டுனு ஓடணும், உடம்பு சாயணும். இது எல்லாத்தையும் எடுத்துடறது தான் எங்க வேலையே. நாங்க எடுத்துட்டோம்ன்றதால வேகம் குறைஞ்சிடல, உங்களுக்கு அதைச் சொல்ற ஆள் தான் போயிட்டான்.

கணக்காவே சொல்றேன், ஏன்னா வாயால சொன்னா யாரும் நம்பறதில்ல. 65 மைல் வேகத்துல கார் ஒரு செகண்டுக்கு 95 அடி ஓடுது. முன்னாடி ஏதோ கிடக்குன்னு கண்ணு பாத்து, மூளைக்குப் போய், கால் பிரேக்குக்கு வர்றதுக்கு டிசைன்ல நாங்க 2.5 செகண்ட் வெச்சுக்கறோம், அதுலயே சுமார் 240 அடி போயாச்சு. அப்புறம் சாதாரண டிரைவர் ஈர ரோட்லயும் வண்டி கையை விட்டுப் போகாம போடற பிரேக்னு கணக்குப் பண்ணினா நிக்கறதுக்கு இன்னும் 405 அடி. மொத்தம் 645. இதே 80ல, செகண்டுக்கு 117 அடி, எல்லாம் சேத்து 900 அடி தாண்டிடும். வேகம் 15 மைல் தான் கூடுது, நிக்கற தூரம் கிட்டத்தட்ட நாலு கிரிக்கெட் பிட்ச் நீளத்துக்குக் கூடுது. இப்ப 65க்குன்னு கணக்குப் போட்ட ஒரு மேட்டுல ஏறறீங்க, மேடு தாண்டி, உங்க கண்ணுல படும்போது 645 அடி தூரத்துல ஒரு வண்டி பிரேக்டவுன் ஆகி நிக்குது. 65ல வந்தவர் அது கிட்டப் போய் நின்னுடுவார். 80ல வந்தவர் அதே பிரேக்கை அதே மாதிரி போட்டும் அந்த வண்டியைத் தொடும்போது ஏறக்குறைய 50 மைல் வேகத்துல இருப்பார். ஒருத்தர் நின்னுடறதுக்கும் இன்னொருத்தர் 50ல மோதறதுக்கும் நடுவுல இருக்கறது அந்த 15 மைல் வேகம் மட்டும் தான், தயவுசெஞ்சு இந்த ஒரு கணக்கை மட்டுமாவது மனசுல வெச்சுக்கோங்க.

"என் கார் புதுசு, ஏபிஎஸ் இருக்கு, தானா பிரேக் போடும்"னு பதில் வரும். இருக்கட்டும், நல்லது தான். அந்த டெக்னாலஜி உங்க தப்புக்காக மிச்சம் வெச்ச இடம், அதே மாதிரி தான் ரோட்டோரத்துல வண்டி ஒதுங்கறதுக்கு விட்ட 10 அடி ஷோல்டரும், 12 அடி லேனும், ஓரத்துல மரம் இல்லாம விட்டிருக்கற புல்வெளியும். ஒரு தும்மல் வரும், குழந்தை பின்னாடி கத்தும், அந்த நேரத்துக்குன்னு சேத்து வெச்சது அது. அதை எடுத்து வேகத்துல செலவு பண்ணிட்டீங்கன்னா தும்மல் வரும்போது கையில ஒன்னும் இருக்காது.

இன்னொன்னு, ஒரு மணி நேரம் 70ல போயிட்டு எக்ஸிட் எடுக்கும்போது 45 போனா நடந்து போற மாதிரி இருக்கும். கண்ணு பழகிடும், அது மனுஷனோட இயல்பு, உங்க திறமைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ரேம்ப்ல மஞ்சள் போர்டுல 30னு போட்டிருந்தா ஸ்பீடோமீட்டரைப் பாருங்க, மனசைக் கேக்காதீங்க. ரேம்ப் வளைவுல தடுப்புக் கம்பி அடி வாங்கி நெளிஞ்சிருக்கும் பாருங்க, நல்ல ஃப்ரீவேல இருந்து இறங்கற ரேம்ப்ல தான் அது ஜாஸ்தின்னு என் அனுபவத்துல சொல்வேன்.

நேர் ரோடு பாதுகாப்புன்னு நினைக்கறவங்க லாஸ் ஏஞ்சலஸுக்கு ஐ-5ல ஒரு தடவை போனாலே தெரிஞ்சுக்கலாம். சென்ட்ரல் வேலில மணிக்கணக்கா நேரா தட்டையா போகும், கைக்கு வேலை இல்ல, கண்ணுக்கு வேலை இல்ல, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்கற நிலைமை வந்துடும். 1991 நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங் லீவு முடிஞ்சு எல்லாரும் திரும்பற நேரம், கோலிங்கா பக்கம் இதே ஐ-5ல புழுதிப் புயல் அடிச்சு 104 வண்டி ஒன்னோட ஒன்னு மோதி 17 பேர் செத்துப் போனாங்க. அங்க வளைவும் இல்ல மேடும் இல்ல. கண்ணுக்கு எட்டற தூரத்துக்குள்ள நிறுத்த முடியாத வேகத்துல போனா எந்த ரோடும் காப்பாத்தாது.

பார்க்வேன்னு சொல்ற, பாக்க அழகா இருக்கற பழைய ரோடுங்களையும் 280யையும் ஒன்னா நினைக்காதீங்க. கனெக்டிகட்ல மெரிட் பார்க்வே, 1938ல திறந்து 1940ல முடிச்சது, 37 மைல், லாரி கிடையாது, பாலங்களை ஒவ்வொன்னும் ஒரு தினுசா கட்டியிருப்பாங்க, இலையுதிர் காலத்துல கண்ணை எடுக்க முடியாது. ஆனா ரேம்ப் குட்டை, ஓரத்துலயே மரம். லாஸ் ஏஞ்சலஸ்ல 1940ல திறந்த அரோயோ செக்கோ பார்க்வே 45 மைல் வேகத்துக்குப் போட்டது, சில ரேம்ப்ல ஸ்டாப் சைன்ல நின்னு ஜீரோல இருந்து கிளம்பி நேரா ஓடற டிராஃபிக்ல நுழையணும். ரசிச்சுக்கிட்டே மெதுவா போங்க, அங்க உங்க தப்புக்கு இடமே விடல.

சரி, செய்ய வேண்டியது. ஸ்பீடோமீட்டரை அடிக்கடி பாருங்க, வேகத்தைத் தானா ஒரே அளவுல வெச்சுக்கற க்ரூஸ் கன்ட்ரோல் போட்டாலும் பாருங்க. முன் வண்டிக்கும் உங்களுக்கும் 3 செகண்ட் இடைவெளி, யாராவது நடுவுல புகுந்தா புகுந்துட்டுப் போகட்டும், மறுபடி 3 செகண்ட் விடுங்க. இடது லேன் முன்னாடி போற வண்டியைத் தாண்டறதுக்கு மட்டும் தான், தாண்டிட்டு வலது பக்கம் வந்துடுங்க. உள்ள நுழையும்போது ரேம்ப்ல 40ல தயங்கிக்கிட்டு வராதீங்க, அந்த நீளம் முழுக்க ஆக்ஸிலரேட்டர் மிதிக்கறதுக்குத் தான் குடுத்திருக்கு. போன் கையில இருக்கவே கூடாது. 280ல விடியற நேரம், சாயங்காலம், அதுவும் அக்டோபர் நவம்பர்ல மான் குறுக்க வரும், பிரேக் போடுங்க, ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிக்காதீங்க, மான் மேல மோதினவங்கள விட அதுக்காக ஒடிச்சு உருண்டவங்க நிலைமை தான் நான் பாத்த வரைக்கும் மோசம்.

அப்புறம் ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருப்பாங்க. பின் சீட்ல புடவை கசங்கும், மூச்சு முட்டும்னு அம்மா பெல்ட் போட மாட்டேம்பாங்க, நீங்களும் "பரவால்ல விடு, நல்ல ரோடு தானே"ன்னு விட்டுடறீங்க. கெஞ்சிக் கேக்கறேன், விடாதீங்க. கலிஃபோர்னியால பின் சீட்டுக்கும் பெல்ட் சட்டம், சட்டத்தை விடுங்க, 65 மைல்ல வண்டி சட்டுனு நின்னா பெல்ட் போடாதவங்க நிக்க மாட்டாங்க. 2 வயசுக்குள்ள இருக்கற குழந்தை பின்பக்கம் பாத்த சீட்ல தான் இருக்கணும், அழுதாலும் மடில எடுத்துக்காதீங்க, அடுத்த எக்ஸிட்ல இறங்கி சமாதானப்படுத்துங்க.

ஏரி மேல பனி இறங்கறது அழகா இருக்குன்னு ஷோல்டர்ல நிறுத்தி செல்ஃபி எடுக்கறாங்க, இது சுத்தமா வேண்டாம். அவசரம் இல்லாம ஃப்ரீவேல நிறுத்தறது சட்டப்படியே தப்பு, ஓட்டறவங்க கண்ணு நிக்கற வண்டியைப் பாக்கும், பாக்கற பக்கமே கையும் திரும்பும். வடக்கால போற பக்கம் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ரெஸ்ட் ஏரியா இருக்கு, அங்க நிறுத்தி எவ்ளோ வேணா எடுங்க.

வண்டியே நின்னு போச்சுன்னா வேற. முடிஞ்ச வரைக்கும் அடுத்த எக்ஸிட் வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போயிடுங்க. முடியலன்னா வலது ஷோல்டர்ல எவ்ளோ ஒதுக்க முடியுமோ ஒதுக்கி, ஹசார்ட் லைட் போட்டு, இறங்கறதா இருந்தா வலது கதவு வழியா எல்லாரும் இறங்கி தடுப்புக் கம்பிக்கு அந்தாண்ட போயிடணும், வண்டிக்கு முன்னாடியோ பின்னாடியோ நிக்கக் கூடாது. ஷோல்டருக்கு வர முடியாம லேன்லயே மாட்டிக்கிட்டா பெல்ட்டோட உள்ளயே இருந்து அவசர உதவி நம்பர் 911ஐக் கூப்பிடுங்க. மத்தபடி பே ஏரியால 511 அடிச்சு உதவி கேளுங்க. டிராஃபிக் நேரத்துல முக்கியமான ஃப்ரீவேக்கள்ல ஃப்ரீவே சர்வீஸ் பேட்ரோல் வண்டி சுத்திக்கிட்டே இருக்கும், டயர் மாத்துவாங்க, பேட்டரிக்கு ஜம்ப் குடுப்பாங்க, பெட்ரோல் தீந்திருந்தா ஒரு கேலன் ஊத்துவாங்க, எதுவும் முடியலன்னா ஃப்ரீவேக்கு வெளிய பாதுகாப்பான இடத்துல கொண்டு போய் விடுவாங்க. காசு கிடையாது, டிப்ஸும் வாங்க மாட்டாங்க.